எந்த ஜாரிலிருந்து வந்தது? ஜாவா வெப் அப்ளிகேஷனில் லைப்ரரி மோதலை அவிழ்க்கும் வழி

கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு இலைக் கணக்கு அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருந்தோம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடை தினமும் அதில் பதிவாகும். மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு என்று எக்செல் பட்டியல் எடுத்து, அதைப் பார்த்துப் பணம் போடுவார்கள். ஒரு மாதக் கடைசியில் கணக்கரிடமிருந்து போன் வந்தது. “சார், எக்செல் வரமாட்டேங்குது. நாளைக்கு இலைக் காசு போடணும்.”

அந்த மாதம் எக்செல் பக்கத்தின் கோடை (நிரலை) யாருமே தொடவில்லை. எடைச் சீட்டைப் படமெடுத்து ஏற்றும் வசதியை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தோம். சேர்த்த தம்பியைக் கேட்டேன். “அப்லோட் நல்லா டெஸ்ட் பண்ணிட்டேன் அண்ணா. எக்செல் எதுக்குப் பார்க்கணும்னு விட்டுட்டேன்” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

லாகில் இருந்தது ஒரே ஒரு எரர். நோ சச் மெத்தட் எரர். ஃபைல் வேலைகளுக்கான காமன்ஸ் ஐஓ லைப்ரரியின் ‘அன்சிங்க்ரனைஸ்டு பைட் அரே அவுட்புட் ஸ்ட்ரீம்’ என்ற கிளாஸில் ‘பில்டர்’ என்ற மெத்தட் இல்லையாம். இந்தப் பெயரை நாங்கள் எங்கள் கோடில் எங்குமே எழுதியதில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் அந்த எரரையே கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதலில், என்ன செய்யக் கூடாது

அன்று இரவு நான் செய்தது தப்பு. புது காமன்ஸ் ஐஓ ஜாரை (ஒரு லைப்ரரியின் கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிய கோப்பு) தரவிறக்கி, சர்வரில் எங்கள் அப்ளிகேஷனின் ஜார்கள் இருக்கும் வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டரில் போட்டு, அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். பழைய ஜாரும் அங்கேயே இருந்தது. எக்செல் வந்தது, பணமும் போட்டார்கள். அடுத்த டெப்ளாய்மென்டில் ஃபோல்டர் புதிதாக விரிந்தபோது நான் போட்ட ஜார் போய்விட்டது, எரர் திரும்பி வந்தது. ஒரே ஃபோல்டரில் ஒரே கிளாஸ் இரண்டு ஜார்களில் இருந்தால் எது முதலில் எடுக்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உங்கள் மெஷினில் ஒன்று, சர்வரில் வேறொன்று என்று ஆகலாம். அன்று ஓடியது அதிர்ஷ்டம்தான்.

படி 1: எரர் எந்த இனம் என்று பாருங்கள்

எரரின் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடும். கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன், நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர் என்று வந்தால் கிளாஸே கிடைக்கவில்லை. ஜார் வரவில்லை, அல்லது அந்தக் கிளாஸ் இன்னும் பிறக்காத பழைய வெர்ஷன் வந்திருக்கிறது. (இரண்டாவது எரரில் ஒரு சூது உண்டு. ‘குட் நாட் இனிஷியலைஸ்’ என்ற சொற்களும் சேர்ந்திருந்தால் கிளாஸ் இருக்கிறது, அதன் ஸ்டாட்டிக் பகுதி ஓடும்போது விழுந்திருக்கிறது. லாகில் இன்னும் மேலே போய் முதல் எரரைத் தேடுங்கள்.) நோ சச் மெத்தட் எரர், நோ சச் ஃபீல்டு எரர், அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் எரர் என்று வந்தால் கிளாஸ் கிடைத்தது, ஆனால் வேறு வெர்ஷன். ஒரு கிளாஸை அதே பெயருள்ள கிளாஸாக மாற்ற முடியாது என்று கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் வந்தால், ஒரே கிளாஸ் இரண்டு இடங்களிலிருந்து ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

‘கம்பைல் ஆகும்போது இது ஏன் தெரியவில்லை?’ என்று எல்லோரும் கேட்பார்கள். கம்பைலர் பார்ப்பது நாம் எழுதிய கோடை மட்டும். எக்செல் எழுதும் அப்பாச்சி பிஓஐ லைப்ரரியை அதன் ஆட்கள் அவர்கள் இடத்தில், அவர்களிடம் இருந்த காமன்ஸ் ஐஓவுடன் எப்போதோ கம்பைல் செய்துவிட்டார்கள். நம்மிடம் அது ஜாராக வருகிறது. அதற்குள் எந்த மெத்தட் எந்த மெத்தடைக் கூப்பிடுகிறது என்று நம் கம்பைலர் எட்டிப் பார்ப்பதில்லை. ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம்மும் ஒரு மெத்தடை முதன்முதலில் கூப்பிட வேண்டிய நேரம் வரும்போதுதான் தேடும். அதனால்தான் அப்ளிகேஷன் ஜம்மென்று எழுந்து நின்று, மாதம் முழுக்க எடை போட்டுவிட்டு, எக்செல் பட்டனை அழுத்திய நொடியில் விழுந்தது.

படி 2: கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று சர்வரையே கேளுங்கள்

மேவன் என்ற பில்டு கருவிக்கு எந்த லைப்ரரி வேண்டும் என்று எழுதிவைக்கும் போம் கோப்பைத் திறந்து யோசிக்கத் தொடங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். உங்கள் ஊகம் என்ன என்பது முக்கியமில்லை, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

எளிய வழி, தற்காலிகமாக ஒரு ஜேஎஸ்பி பக்கம். அதில் சிக்கலான கிளாஸின் பெயரை எழுதி, அதன் மேல் கெட்-புரொடெக்‌ஷன்-டொமைன், கெட்-கோட்-சோர்ஸ், கெட்-லொகேஷன் என்ற மூன்று மெத்தட்களையும் அதே வரிசையில் சங்கிலியாகக் கூப்பிட்டுப் பிரிண்ட் செய்யுங்கள். ஜாரின் முழுப் பாதையும் திரையில் வரும். ஜாவாவின் அடிப்படை கிளாஸ்களுக்கு மட்டும் கோட் சோர்ஸ் நல் (ஒன்றுமில்லை) என்று வரும், பயப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மறக்காமல் அழித்துவிடுங்கள்.

கோடைத் தொட முடியாத இடம் என்றால் டாம்கேட்டின் பின் ஃபோல்டரில் செட்-என்வ் கோப்பில், ஜேவிஎம் ஆப்ஷன்களோடு வெர்போஸ்-கிளாஸ் ஆப்ஷனைச் சேர்க்கலாம். ஜாவா 9க்குப் பிறகு எக்ஸ்-லாகில் கிளாஸ்-லோட் என்று கேட்பதும் இதேதான். ஏறும் ஒவ்வொரு கிளாஸும் எங்கிருந்து ஏறியது என்று லாகில் கொட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் வரும், கிரெப் போட்டு உங்கள் கிளாஸை மட்டும் பிடியுங்கள்.

ஜார் தெரிந்ததும், ஜேடிகேயோடு வரும் ஜாவாப் என்ற கருவியிடம் அந்த ஜாரையும் கிளாஸ் பெயரையும் கொடுங்கள். மெத்தட்களை வரிசையாகக் காட்டும். எங்கள் விஷயத்தில் வந்த ஜார் காமன்ஸ் ஐஓ 2.11.0. அதில் கிளாஸ் இருந்தது, பில்டர் மெத்தட் இல்லை. அது 2.12.0இல்தான் சேர்ந்தது. எரர் சொன்னது அப்பட்டமான உண்மை.

படி 3: அதை யார் கூட்டி வந்தார்கள்?

இப்போதுதான் மேவன். எந்த லைப்ரரி எதைக் கூட்டி வந்தது என்று காட்டும் டிபெண்டன்சி ட்ரீ கட்டளையை வெர்போஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். வெர்போஸ் முக்கியம். அது இல்லாவிட்டால் ஜெயித்த வெர்ஷன் மட்டும்தான் தெரியும், தோற்றது தெரியாது. (டிபெண்டன்சி பிளகினின் 3.0, 3.1 வெர்ஷன்களில் இந்த ஆப்ஷன் வேலை செய்யாது, 3.2.0இல் திரும்பி வந்தது. உங்களிடம் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) முழு மரமும் பெரிதாக வந்தால், இன்க்ளூட்ஸ் ஆப்ஷனில் காமன்ஸ் ஐஓவை மட்டும் கேட்கலாம். எங்களுக்கு வந்ததன் சாரம் இது:

+- காமன்ஸ் ஃபைல்அப்லோட் 1.5
|   \- காமன்ஸ் ஐஓ 2.11.0
\- பிஓஐ ஓஓஎக்ஸ்எம்எல் 5.2.5
    \- (காமன்ஸ் ஐஓ 2.15.0 – ஆமிட்டட் ஃபார் கான்ஃப்ளிக்ட் வித் 2.11.0)

கடைசி வரியைப் பாருங்கள். பிஓஐ 2.15.0 கேட்டது. மேவன் அதை ஓரமாக வைத்துவிட்டு 2.11.0 கொடுத்தது.

ஏன் புதியதை எடுக்கவில்லை? மேவன் பெரிய எண்ணைப் பார்ப்பதில்லை. நம் புராஜெக்டிலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று எண்ணும், அருகில் இருப்பது ஜெயிக்கும். இரண்டும் ஒரே தூரம் என்றால் போமில் முதலில் எழுதப்பட்டவர் கொண்டுவந்தது ஜெயிக்கும். இங்கே இரண்டுமே இரண்டாவது படி. தம்பி ஃபைல்அப்லோடை டிபெண்டன்சி பட்டியலின் தலையில் ஒட்டியிருந்தான். கீழே ஒட்டியிருந்தால் எரரே வந்திருக்காது, நாங்களும் இதைக் கற்றிருக்க மாட்டோம்.

மேவனுக்குப் பதிலாக கிரேடில் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் குறிப்பிட்ட வம்பு இல்லை. அது இயல்பாகவே பெரிய வெர்ஷனை எடுக்கும். ஆனால் பெரியது பழைய மெத்தடை நீக்கியிருந்தால் வேறு திசையிலிருந்து அடி விழும். குவாவா 21இல் பழைய ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸின் டு-ஸ்ட்ரிங்-ஹெல்பர் மெத்தட் போனது இப்படித்தான் பலரைக் கவிழ்த்தது. கிரேடிலில் யார் கூட்டி வந்தது என்று பார்க்க டிபெண்டன்சி இன்சைட் கட்டளை. அதில் ரன்டைம் கிளாஸ்பாத் கான்ஃபிகரேஷனைக் கேளுங்கள்.

படி 4: ஒரே இடத்தில் வெர்ஷனை நிறுத்துங்கள்

தீர்வு மூன்று வரிதான். போமில் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் காமன்ஸ் ஐஓவுக்கு 2.15.0 என்று எழுதுங்கள். யார் எந்தப் படியிலிருந்து கேட்டாலும் இனி அதுதான் வரும். கேட்கப்பட்டவற்றில் பெரியதை எடுப்பது பொதுவாகப் பத்திரம். காமன்ஸ் ஐஓ தன் 2ஆம் வரிசைக்குள் பழைய மெத்தட்களைப் பெரும்பாலும் காப்பாற்றியே வருகிறது. முதல் எண்ணே மாறினால் மட்டும் ரிலீஸ் குறிப்பைப் படியுங்கள்.

எக்ஸ்க்ளூஷன் போட்டு ஃபைல்அப்லோடின் கீழிருந்து காமன்ஸ் ஐஓவை வெட்டியும் இதைத் தீர்க்கலாம். எனக்கு அது பிடிக்காது. இன்று ஒருவரிடம் வெட்டினால் நாளை வேறொருவர் அதையே கூட்டி வருவார், போம் முழுக்க வெட்டுக் காயமாகிவிடும். எக்ஸ்க்ளூஷன் அடுத்த படியில் வரும் நோய்க்கான மருந்து.

ஒரே குடும்பத்து ஜார்கள் பல வந்தால், ஒவ்வொன்றுக்கும் வெர்ஷன் எழுதாமல் அந்தக் குடும்பத்தின் பாம் கோப்பை (எல்லா வெர்ஷனையும் ஒரே இடத்தில் சொல்லும் பட்டியல்) இம்போர்ட் செய்யுங்கள். ஜாக்சனுக்கு அது உண்டு. கோர் ஒரு வெர்ஷன், டேட்டாபைண்ட் இன்னொன்று என்று கலந்தால் ஜாக்சன் முரண்டு பிடிக்கும். பிஓஐயும் அப்படியே, அதன் ஜார்களை வெவ்வேறு வெர்ஷனில் கலக்கவே கூடாது. ஸ்பிரிங் பூட் பேரன்ட் போட்டிருந்தால் இதில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் சேர்க்கும் லைப்ரரி புதிய ஜாக்சனைக் கேட்டாலும், பேரன்ட் தன் வெர்ஷனுக்கு அதை இறக்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மாற்றிய பிறகு கிளீன் போட்டு பேக்கேஜ் செய்யுங்கள். டார்கெட் ஃபோல்டரில் பழைய ஜார் உட்கார்ந்திருந்தால், சர்வரில் போடும் வார் கோப்புக்குள் அதுவும் ஏறிவிடும். சர்வரிலும் டாம்கேட்டை நிறுத்தி, விரிந்து கிடக்கும் பழைய அப்ளிகேஷன் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புது வாரைப் போடுங்கள். அப்புறம் படி 2இன் ஜேஎஸ்பி பக்கத்தைத் தற்காலிகமாக மறுபடி வைத்து ஒருமுறை திறந்து, புது ஜாரின் பாதை வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. எங்களுக்கு ஃபைல்அப்லோட் லைப்ரரியே தேவைப்படவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. சர்வ்லெட் 3.0 முதலே ஃபைல் ஏற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. லைப்ரரியைத் தூக்கினோம், பதினைந்து வரி கோட் மாறியது. மோதலைத் தீர்க்க உட்காரும்போது ‘இது வேண்டுமா?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

படி 5: ஒரே சரக்கு, இரண்டு பெயர்

மேவனுக்கு அடையாளம் குரூப் ஐடியும் ஆர்டிஃபாக்ட் ஐடியும்தான். பெயர் மாறினால் அதற்கு அது வேறு ஆள், மோதல் என்றே தெரியாது, ட்ரீயிலும் எச்சரிக்கை வராது. உள்ளே கிளாஸ்கள் ஒன்றாக இருக்கும். பழைய சர்வ்லெட் ஜார் ‘சர்வ்லெட்-ஏபிஐ’ என்ற பெயரில் வந்தது, 3.0 முதல் ‘ஜாவாக்ஸ்.சர்வ்லெட்-ஏபிஐ’. ஏஎஸ்எம் லைப்ரரி தன் குரூப் ஐடியையே மாற்றிக்கொண்டது. காமன்ஸ் ஐஓவின் 1.3.2கூட இரண்டு குரூப் ஐடிகளில் கிடக்கிறது. பிடிஎஃப் ரசீது அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது பழைய ஐடெக்ஸ்ட் 2ஐயும் ஓபன்பிடிஎஃப் 1ஐயும். ஓபன்பிடிஎஃப் ஐடெக்ஸ்டிலிருந்து பிரிந்து வந்தது, பேக்கேஜ் பெயர்கள் அதேதான்.

இங்கேதான் எக்ஸ்க்ளூஷன். இரண்டில் ஒன்றை, பெரும்பாலும் பழைய பெயர்க்காரரை, அது வரும் இடத்தில் வெட்டுங்கள். கண்டுபிடிக்க, வாரின் லிப் ஃபோல்டரில் உள்ள ஜார்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, உங்கள் கிளாஸ் பெயர் எத்தனை ஜாரில் வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் ஆள் அகப்பட்டான்.

படி 6: வாருக்கு வெளியே, டாம்கேட்டில்

வாருக்குள் எல்லாம் சுத்தம், ஆனாலும் எரர் என்றால் சர்வரின் லிப் ஃபோல்டரைப் பாருங்கள். டாம்கேட்டில் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி கிளாஸ்லோடர். ஜாவாவில் வழக்கமாகப் பிள்ளை முதலில் தாயிடம் கேட்கும். டாம்கேட்டில் தலைகீழ். ஜாவாவின் அடிப்படை கிளாஸ்களும் சர்வ்லெட் போன்ற டாம்கேட்டின் சொந்த ஏபிஐகளும் தவிர மற்றவற்றுக்கு, முதலில் வெப்-இன்ஃப் கிளாஸஸ், அப்புறம் வெப்-இன்ஃப் லிப், அங்கே இல்லாவிட்டால்தான் டாம்கேட்டின் பொது லிப். கான்டெக்ஸ்டில் லோடரின் டெலிகேட்டை ட்ரூ ஆக்கினால் இந்த வரிசை திரும்பிவிடும். யாராவது பழைய ஆள் அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

நாங்கள் மாட்டிய கதை வேறு. எடைப் பதிவுகளை மொத்தமாக போஸ்ட்கிரெஸில் ஏற்ற, கனெக்‌ஷனை பிஜி-கனெக்‌ஷன் ஆக்கி அதன் காப்பி வசதியைப் பயன்படுத்தினோம். கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் வந்தது. போஸ்ட்கிரெஸ் டிரைவரின் கனெக்‌ஷன் கிளாஸை அதே டிரைவரின் பிஜி-கனெக்‌ஷன் ஆக்க முடியாதாம்! டேட்டா சோர்ஸை டாம்கேட்டில் கட்டியிருந்ததால் டிரைவர் ஜார் பொது லிப்பில் இருந்தது, எங்கள் வாருக்குள்ளும் ஒன்று இருந்தது. கனெக்‌ஷனை உருவாக்கியது பொது லோடர். அதை எங்கள் லோடர் ஏற்றிய கிளாஸாக மாற்றப் பார்த்தோம்.

இலைக் கணக்கில் தினமும் பார்ப்பதுதான் இது. பெள்ளி என்று நாலு பேர் இருப்பார்கள், எந்த ஹட்டி (ஊர்) பெள்ளி என்று சேர்த்து எழுதினால்தான் பணம் சரியான ஆளுக்குப் போகும். ஜேவிஎம்மும் கிளாஸ் பெயரையும் ஏற்றிய லோடரையும் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் காணும். ஜாவா 11க்குப் பிறகு எரர் செய்தியிலேயே இரண்டு லோடர்களின் பெயரும் இருக்கும். ஒன்று பேரலல் வெப்ஆப் கிளாஸ்லோடர், மற்றது யூஆர்எல் கிளாஸ்லோடர் என்று பார்த்தால் முடிந்தது. போமில் டிரைவரின் ஸ்கோப்பை புரொவைடட் (சர்வரே கொடுக்கும் என்று அர்த்தம்) ஆக்கினோம், வாரிலிருந்து ஜார் போனது, ஓடியது. சர்வ்லெட் ஏபிஐ ஜாருக்கும் எப்போதும் புரொவைடட்தான்.

ஜாவாக்ஸா, ஜகார்த்தாவா?

இதை மோதல் என்பதைவிடத் தண்டவாளம் மாறியது என்று சொல்லலாம். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தாலும் மேட்டுப்பாளையத்தில் இறங்கித்தான் மலை ரயிலுக்கு மாற வேண்டும். அங்கே அகல ரயில்பாதை, இங்கே மீட்டர் கேஜ், பெட்டி ஏறாது. டாம்கேட் 9 வரை சர்வ்லெட் பேக்கேஜ் ஜாவாக்ஸ் என்று தொடங்கும், 10இலிருந்து ஜகார்த்தா. 2020இல் வந்த ஜகார்த்தா இஇ 9 செய்த மாற்றம் இது. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3உம் ஜகார்த்தா பக்கம்தான், ஜாவா 17உம் கேட்கும். பழைய வாரை டாம்கேட் 10இல் போட்டு ஜாவாக்ஸ் சர்வ்லெட் கிளாஸ் கிடைக்கவில்லை என்று வந்தால், அந்த ஜாரைத் தேடிப் பிடித்து வாருக்குள் திணிக்காதீர்கள், பிரச்சினை இன்னும் ஆழமாகும். டாம்கேட் 9க்கே திரும்புங்கள், அல்லது டாம்கேட் 10இன் வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ ஃபோல்டரில் வாரைப் போடுங்கள், அதுவே மாற்றிக்கொள்ளும். கோடையே மாற்றுவதென்றால் எல்லா ஜாவாக்ஸையும் ஒரேயடியாக ரிப்ளேஸ் செய்துவிடாதீர்கள். ஜாவாக்ஸ் எஸ்கியூஎல், நேமிங், கிரிப்டோ எல்லாம் ஜாவாவின் சொந்தப் பிள்ளைகள், அவை பெயர் மாறவில்லை.

லாக் வராவிட்டால்

லாக் எழுதும் லைப்ரரிகளில் எஸ்எல்எஃப்4ஜே 2 வந்து, அதன் கூட்டாளி லாக்பேக் 1.2 அப்படியே இருந்தால், ‘நோ எஸ்எல்எஃப்4ஜே புரொவைடர்ஸ்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு லாக் முழுக்க மௌனமாகிவிடும். 1.7க்கு லாக்பேக் 1.2, 2.0க்கு 1.3 அல்லது அதற்கு மேல். பைண்டிங் இரண்டு இருப்பதாகச் சொன்னால் ஒன்றை வெட்டுங்கள். லாக்4ஜேவின் பழைய ஜார் எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் இதோடு பிடித்துவிடுங்கள், 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது எல்லோரும் தேடியது அதைத்தான்.

மறுபடி வராமல் இருக்க

மேவனின் என்ஃபோர்சர் பிளகினில் ‘ரிக்வயர் அப்பர் பவுண்ட் டெப்ஸ்’ என்ற விதியைப் போடுங்கள். யாராவது கேட்டதைவிடச் சிறிய வெர்ஷன் ஜெயித்தால் பில்டே நின்றுவிடும். எங்கள் எக்செல் கதையை இது முதல் நாளே பிடித்திருக்கும். ‘டிபெண்டன்சி கன்வர்ஜென்ஸ்’ என்று இன்னும் கறாரான விதி உண்டு. அதைப் பழைய புராஜெக்டில் போட்டால் நூறு சண்டை ஒரே நாளில் கிளம்பும், புதிய புராஜெக்டில் மட்டும் போடுங்கள்.

எந்த வெர்ஷனும் இருவருக்கும் ஒத்துவராத நிலை வந்தால், ஷேட் பிளகினை வைத்து ஒரு லைப்ரரியின் பேக்கேஜ் பெயரையே மாற்றிப் பொதிந்துகொள்ளலாம். இதுவரை எனக்கு ஒரே ஒருமுறைதான் தேவைப்பட்டது.

இந்த மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஐப்பசி மழையில் மரம் விழுந்து இணையம் போனால் மேவன் எதையும் தரவிறக்க முடியாது. வானம் இருட்டும்போதே டிபெண்டன்சி கோ-ஆஃப்லைன் கட்டளையை ஓட்டி, ட்ரீயையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். ட்ரீக்கு வேண்டிய பிளகினும் லோக்கல் ரெப்பாசிட்டரியில் இறங்கிவிடும். கரண்ட் மட்டும் இருந்தால் போதும், மைனஸ் ஓ போட்டு ஆஃப்லைனிலேயே மரத்தைப் பார்க்கலாம்.